ஒரு மாதத்துக்கு எந்த அலமாரி: மர்மமா, அறிவியலா, மாயமா?

ஒரு மாதம் கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளுவது என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித் திட்டம் போடுகிறார்கள். துப்பறியும் கதை ஒன்று, அறிவியல் புனைகதை ஒன்று, மாயாஜாலக் கதையான ஃபேன்டஸி ஒன்று. யாருக்கும் மனக்குறை இல்லாத பங்கீடு. நண்பர்கள் சேர்ந்து படிக்கும்போது இந்தத் திட்டம் இன்னும் எளிதாக நிறைவேறிவிடுகிறது, ஏனென்றால் ஆளுக்கு ஒரு வகை பிடித்திருக்கும், யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் பார்த்தவரை முதலில் கவிழ்வதும் இந்தத் திட்டம்தான். முதல் வாரம் மர்மக் கதை பறக்கும். இரண்டாம் வாரம் அறிவியல் கதை கொஞ்சம் இழுக்கும். பதினைந்தாம் நாள் ஃபேன்டஸியைத் திறந்தால் எண்ணூறு பக்கம், முன்னால் இரண்டு வரைபடம், பின்னால் வம்சாவளிப் பட்டியல். அதற்குள் நூலகத்திலிருந்து தவணை முடிகிறது என்று நினைவூட்டல் வந்துவிடும்.

சிங்கப்பூரில் இரவல் வாங்கிப் படிப்பவருக்கு மாதம் என்பது முப்பது நாள் இல்லை, இருபத்தொன்று. தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களில் புத்தகத்தின் இரவல் காலம் 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாமல் இருந்தால் நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் புத்தகத்தை எவராவது முன்பதிவு செய்துதான் வைத்திருப்பார். லிப்பி செயலியில் எடுக்கும் மின்னூலுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாகத் தவணை முடிந்ததும் புத்தகம் தானாகவே போய்விடும், நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும்.

இன்னொரு கணக்கு, நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பது. கிழக்கு மேற்கு ரயில் பாதையில் பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸ் வரை முழுதாகப் போகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், உட்கார இடமும் கிடைத்தால் யோகம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. வீட்டிலிருந்து பஸ், பிறகு ரயில், ஜூரோங் ஈஸ்ட்டிலோ பீஷானிலோ இறங்கி இன்னொரு ரயில். பத்து நிமிடம், பதினெட்டு நிமிடம், ஏழு நிமிடம் என்று நாள் நொறுங்கிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். எனவே எந்த வகை உயர்ந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. இப்படி நொறுங்கிய நேரத்தில் எந்த வகை தாங்கும் என்பதை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

முதலில் மர்மக் கதை, அதற்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். படிக்கும் பழக்கம் விட்டுப்போனவரைத் திரும்ப இழுத்து வர இதைவிட நல்ல வகை கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுந்துவிடும், இல்லையென்றால் விழப்போகிறது என்று தெரிந்துவிடும். புத்தகமும் அளவானது. அகதா கிறிஸ்டியின் நாவல் பெரும்பாலும் முந்நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும், வேலைக்குப் போய்வரும் வழியிலேயே ஒரு வாரத்தில் முடிக்கலாம். ஆனால் இந்த வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. நடுவில் விட்டால் செத்துவிடும். 1934இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' கதையில் பனியில் சிக்கிய ரயில் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேல் சந்தேகம். யார் எந்த அறையில், யார் எத்தனை மணிக்கு நடைவழியில் போனார், யார் அங்கியில் என்ன நிறம் என்பதெல்லாம் தலையில் இருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துத் திறந்தால் எல்லாப் பயணிகளும் ஒரே முகமாகத் தெரிவார்கள். பாட்டியின் ஊரில் கல்யாணம், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம் என்று இடைவெளி வரப்போகிறது எனத் தெரிந்தால் அந்த வாரத்துக்கு மர்மக் கதையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மின்னூலா காகிதமா என்ற கேள்விக்கும் மர்மக் கதையில் தெளிவான பதில் உண்டு. காகிதம். தோட்டக்காரர் மூன்றாம் அத்தியாயத்தில் என்ன சொன்னார் என்று திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றும். அது இடது பக்கத்தில் கீழே இருந்தது என்று கண்ணுக்கு நினைவிருக்கும், விரலைச் செருகிவைத்துப் புரட்டலாம். கைப்பேசியில் அந்த நினைவு வேலை செய்வதில்லை. காகிதத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒருமுறை நான் இரவல் எடுத்த பிரதியில் நாற்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு பெயருக்குக் கீழே மட்டும் மெல்லிய பென்சில் கோடு. ஓரத்தில் எதுவும் எழுதவில்லை, ஆச்சரியக்குறிகூட இல்லை. எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் கண்டுபிடித்துவிட்டுக் கோடு போட்டாரா, தவறாக ஊகித்துப் போட்டாரா என்பதே அந்தப் புத்தகத்தின் இரண்டாவது மர்மமாகிவிட்டது. (தவறாகத்தான் ஊகித்திருந்தார்.)

மாதம் முழுக்க மர்மமே என்றால் ஒரே எழுத்தாளரை அடுக்கக்கூடாது. நான்காவது புத்தகத்தில் தந்திரம் பிடிபட்டுவிடும், யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவரைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிடும். இங்கே நமக்கு ஒரு வசதி, சிங்கப்பூரைக் களமாகக் கொண்ட நல்ல மர்மத் தொடர்கள் இருக்கின்றன. ஓவிடியா யூவின் சூ லின் தொடர் 1930களின் காலனிச் சிங்கப்பூரில் தொடங்கி ஜப்பானியர் காலத்துக்குள்ளும் போகிறது. முதல் புத்தகம் 'தி ஃபிராஞ்சிபானி ட்ரீ மிஸ்டரி' 2017இல் வந்தது. சிறு வயதில் போலியோ தாக்கிய ஒரு பெண், வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குப் போய்க் கொலையைக் கவனிக்கிறாள். கொலையாளி யார் என்பதைவிட அந்தக் காலத்துச் சமையலறைகளும் வேலைக்காரர்களின் வம்புப் பேச்சும் எனக்குப் பிடித்தன. ஷாமினி ஃபிளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங் வேறு ரகம். தொப்பையும் தலைப்பாகையும் வெள்ளைக் காலணியும் உள்ள சிங்கப்பூர் போலீஸ்காரர். மேலதிகாரிகளுக்கு இவரைக் கண்டால் ஆகாது, ஆகவே எங்காவது வெளியூருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். 2009இல் வந்த முதல் நாவலிலேயே கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு நினைப்போடு துப்பறிபவர், கையோடு எடுத்துப்போய் உணவங்காடி நிலையத்தில் வைத்துப் படிக்கலாம்.

தமிழில்தான் படிப்பேன் என்பவருக்கு இந்த முடிவு ஏறத்தாழ தானாகவே எடுக்கப்பட்டுவிடுகிறது. மூன்று வகைகளில் தமிழில் ஆழமும் அளவும் சேர்ந்து இருப்பது மர்மத்தில்தான். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து தமிழ்வாணனின் சங்கர்லால் வழியாக, சுஜாதாவின் கணேஷ், வசந்த் என்ற இரு வக்கீல்கள், பிறகு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று நூறாண்டுச் சரடு அது. ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். மாத நாவல் அளவில் எழுதப்பட்ட கதைகள் நம் ரயில் பயணத்துக்கென்றே அளந்து வெட்டியவை போல இருக்கும்: அத்தியாயம் நான்கு பக்கம், முடிவில் ஒரு திடுக்கிடல், அடுத்த நிலையம். தமிழ் புரியும், ஆனால் வேகமாகப் படிக்க வராது என்னும் இளையவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்குச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் இந்த வகைக் கதைகளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பைக் கொடுக்கலாம். அட்டைப்படத்தைப் பார்த்து அம்மா முகம் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

அறிவியல் புனைகதை: குட்டிதான் கெட்டி

இந்த வகையைப் பற்றி மக்கள் மனத்தில் இருக்கும் பயம் நியாயமற்றது. இயற்பியல் தெரிய வேண்டும், தலையணை கனம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வகையின் சிறந்த படைப்புகளில் கணிசமானவை சிறுகதைகள், குறுநாவல்கள். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1951இல் புத்தகமானபோதுகூட, பெரும்பகுதி 1940களில் பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்ததுதான். அதனால் அதை வாசலில் ஒரு கதை, வழியில் ஒரு கதை என்று பிரித்துப் படிக்க முடிகிறது. டெட் சியாங்கின் முதல் தொகுப்பு 2002இல் வந்தது, மொத்தமே எட்டுக் கதைகள். வேற்றுலக உயிர்களின் எழுத்தைக் கற்கும் ஒரு மொழியியலாளரின் கதை அதில் இருக்கிறது, 2016இல் ஹாலிவுட்டில் படமானது. காலையில் ரயிலில் ஒரு கதையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. அன்றைய கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வரப்போவது முன்பே தெரிந்தால் மனிதர் என்ன செய்வார் என்று பின்மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும். மர்மக் கதை படிக்காத நேரத்தில் மறந்துபோகிறது, அறிவியல் கதை படிக்காத நேரத்தில்தான் வேலை செய்கிறது. நொறுங்கிய நேரத்துக்கு இதைவிட ஏற்றது எது?

நாவல் என்று வந்தால் எனக்கு இரண்டு தோன்றுகின்றன. ஒன்று ஆர்தர் கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', 1979. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதை. சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் பார்த்தவர்கள் கதையின் மலைகளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்படி ஒரு மின்தூக்கியின் அடிவாரம் பூமத்தியரேகையில் அமைய வேண்டும் என்பதால் இலங்கையைப் போன்ற தன் கற்பனைத் தீவைக் கிளார்க் தெற்கே தள்ளிவைத்துக்கொண்டார். பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் குடியிருக்கும் நமக்கு, இங்கேயே கட்டியிருக்கலாமே, இடம்தான் கிடைத்திருக்காது என்று தோன்றுவது இயல்பு.

இன்னொன்று லியூ சிஷினின் 'த்ரீ பாடி' நாவல். இதைச் சிங்கப்பூரில் படிப்பதில் வேறெங்கும் கிடைக்காத சுகம் இருக்கிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மூலத்தைச் சீனத்தில் படித்திருப்பார், நீங்கள் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிப்பீர்கள், இரண்டும் ஒரே இடத்தில் தொடங்காது. ஆங்கிலப் புத்தகம் கலாசாரப் புரட்சிக் காலத்தில், மாணவர்கள் ஒரு பேராசிரியரை மேடையில் நிறுத்தி அடிக்கும் காட்சியோடு ஆரம்பிக்கிறது. 2008இல் சீனாவில் வந்த நூலில் அந்தப் பகுதி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை முன்னால் கொண்டுவர யோசனை சொன்னார், அதுதான் தன் முதல் எண்ணமும் என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டார். மதிய உணவு வேளையில் இருவரும் பேச ஆரம்பித்தால் இதில் மட்டும் அரை மணி நேரம் போகும். இந்த நாவல் 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஓர் எச்சரிக்கை: இது மூன்று பாகம். முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழில் இந்தப் பகுதி மெலிந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சியும், ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியோடு இன்றும் விறுவிறுப்பாகத்தான் இருக்கின்றன, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அவரைத் தாண்டித் தமிழிலேயே ஒரு மாதம் ஓட்டுவது சிரமம். இதை நான் மகிழ்ச்சியோடு சொல்லவில்லை.

ஃபேன்டஸி, அல்லது விடுப்பு இருந்தால் பார்க்கலாம்

ஃபேன்டஸியின் சிக்கல் தரத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955இல் மூன்று பாகமாக வந்தது, சேர்த்தால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ரயிலில் நின்றபடி ஒரு கை மேல்பிடியில் இருக்க, மறு கையில் அந்தக் கனத்தைப் பிடித்துக் கட்டைவிரலால் பக்கம் திருப்ப முயன்று பாருங்கள். சரி, மின்னூல் என்றால் வரைபடம் கைப்பேசித் திரையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. விரலால் பெரிதாக்கினால் எழுத்து கலங்குகிறது, மலைத்தொடர் எது, ஆறு எது என்று தெரிவதில்லை. வேறோர் உலகத்துக்குள் போய் அதன் வழக்கங்களும் பெயர்களும் பழகவே நூறு பக்கம் வேண்டும். ஏழு நிமிடத் துண்டுகளில் அந்த உலகம் கட்டப்படுவதே இல்லை, ஒவ்வொரு முறையும் வாசற்படியிலேயே இறங்கிவிடுகிறோம்.

பள்ளி விடுமுறைக்கு விடுப்பு எடுத்திருப்பவருக்கு, நீண்ட விமானப் பயணம் இருப்பவருக்கு இதே குணம் வரமாகிவிடும். உள்ளே போனபின் நான்கு நாள் விட்டுவிட்டு வந்தாலும் அந்த உலகம் அப்படியே காத்திருக்கும். இடைவெளியைத் தாங்குவதில் மர்மக் கதையைவிட இது வலுவானது, நுழைவதுதான் கடினம்.

தொடர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முடிந்த தொடரா என்று பாருங்கள். ஜார்ஜ் மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவதற்கு வாசகர்கள் தவம் கிடக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு நான் சொல்வது உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' நூல்களின் முதல் மூன்று: 1968, 1971, 1972. ஒவ்வொன்றும் இருநூறு பக்கத்தை ஒட்டியது, ஒவ்வொன்றும் தனிக் கதை. தீவுக் கூட்டங்களின் உலகம் அது, படகும் கடலும் மந்திரமும்; நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். ஐம்பதாண்டுகளுக்கு முன்பே அப்படி எழுதியிருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். உள்ளூர் எழுத்தில் நியோன் யாங்கின் 'தி பிளாக் டைட்ஸ் ஆஃப் ஹெவன்' 2017இல் வந்த குறுநாவல், ரயில் பைக்குள் அடங்கும். நூராலியா நோராசிட்டின் 'தி கேட்கீப்பர்' நம் ஊரை நினைவூட்டும் கற்பனை நாட்டில், பார்வையால் மனிதரைக் கல்லாக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது, 2016இல் எப்பிகிராம் நாவல் பரிசு பெற்றது. இரண்டும் புகழ்பெற்ற தடித்த தொடர்களைவிட இந்த மாதத்துக்குப் பொருத்தம் என்பேன்.

தமிழில் மாயத்துக்குப் பஞ்சமா என்று கேட்பவர்களுக்கு, விக்கிரமாதித்தன் கதையும் அம்புலிமாமாவும் வளர்த்த தலைமுறையைச் சேர்ந்தவன்தான் நானும். வேதாளம் முதுகில் ஏறிக் கதை சொல்லி முடித்து, விடை சொன்னதும் முருங்கை மரத்துக்குப் போய்விடுகிறதே, அந்த அமைப்பு இன்றைய மாத வாசிப்புக்கு அற்புதமாகப் பொருந்தும். ஒரு பயணத்துக்கு ஒரு கதை. நவீன நாவலில் 1997இல் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் போதாது, அதைப் படிக்க வேறு எதையும் படிக்காத மாதம் வேண்டும்.

வகை கலந்தவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அறிவியல் கதையும் துப்பறியும் கதையும் ஒட்டவே ஒட்டாது என்று தன் பத்திரிகை ஆசிரியர் சொன்னதை மறுக்கவே அசிமோவ் ஒரு மனிதப் போலீஸ்காரரையும் இயந்திர மனிதனையும் ஜோடி சேர்த்து 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' எழுதினார், 1954இல் புத்தகமானது. மண்ணுக்கடியிலும் கூரைக்கடியிலும் நெருக்கிக் குடியிருக்கும், திறந்த வெளியைக் கண்டாலே நடுங்கும் நகர மக்கள் அதில் வருவார்கள். நிலையத்திலிருந்து கடைத்தொகுதி, கடைத்தொகுதியிலிருந்து கூரை போட்ட நடைபாதை என்று வெயில் படாமல் வீடு சேருபவருக்குக் கொஞ்சம் உறுத்தும். சைனா மியெவிலின் 'தி சிட்டி அண்ட் தி சிட்டி', 2009, ஒரே இடத்தில் இரு நகரங்கள், ஒன்றின் குடிமக்கள் மற்றதைப் பார்த்தும் பாராமல் இருக்கப் பழகியவர்கள், நடுவில் ஒரு கொலை. மூன்று வகை ஆர்வலர்களும் ஒரே குழுவில் இருந்தால், ஆளுக்கொரு புத்தகம் என்று சண்டையை ஒத்திப்போடுவதைவிட இந்த இரண்டில் ஒன்றை எல்லோரும் படிப்பது நல்லது.

ஆகவே, படிப்பு விட்டுப்போய் வருடங்களானவர் மாதம் முழுவதும் மர்மமே படிக்கட்டும், பாதி தமிழில். பழக்கம் இருந்தும் நேரம் நொறுங்கியவர், சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர், அறிவியல் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பையிலும் நாவல் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளட்டும். நான் செய்வது இதுதான். விடுப்பு கையில் இருப்பவர் மட்டும் ஃபேன்டஸி. இல்லை, மூன்றும் வேண்டும் என்று அடம் பிடிப்பவர் குறைந்தபட்சம் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இரவல் எடுத்த அன்றே ஃபேன்டஸியைத் தொடங்குங்கள், உற்சாகமும் தவணையும் முழுதாக இருக்கும். மர்மம் கடைசி வாரத்துக்கு. அது எப்படியும் இரண்டு இரவில் ஓடிவிடும். முன்பதிவு செய்த புத்தகம் வராமல் போகலாம், அதற்காக ஒரு மாற்றுப் புத்தகத்தை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங் மோ கியோ நூலகத்துத் தமிழ் அலமாரி முன் நின்று பத்து நிமிடம் புரட்டினால் தானாகவே ஒன்று கிடைக்கும். எந்தப் புத்தகமானாலும் அறுபதாம் பக்கம்வரை பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். மர்மக் கதையை மட்டும், கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு மூடினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.